பசியாறியவரைப் பட்டினி போட்ட கதை

எங்கள் பத்திரிகையை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவே தொங்குகிற அச்சுப் பிரதியை வாங்கிப் போய், வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் படிப்பது. மற்றது, இணையத்தில் படிப்பது. அதற்கு முதலில் குக்கீயை ஏற்க வேண்டும். பிறகு அறிவிப்புகள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு துபாயில் அடுக்குமாடி வீடு வாங்கும் உத்தேசம் இல்லை என்று ஒரு பெட்டியை மூட வேண்டும். மூடுவதற்கான பெருக்கல் குறி எறும்பு அளவில்தான் இருக்கும்; விரல் கொஞ்சம் தவறினால் துபாய்க்கே போய்விடுவீர்கள். இவ்வளவையும் தாண்டி உள்ளே வந்தால், ‘இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும்’ என்று போட்டிருப்பார்கள்.

இணையப் பதிப்பு தொடங்கிய வாரம் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“குக்கீ ஏத்துக்கிறீங்களான்னு கேக்குதும்மா. தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்புவீங்களா? முட்டை போட்டதா, போடாததா?”

போடாதது என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

நான் அந்த மாதப் பத்திரிகையின் துணை ஆசிரியர். அச்சு ஆள். அதற்காக அச்சுதான் தெய்வம் என்று சூடம் காட்டப் போவதில்லை. அறுபதாம் கல்யாண வாழ்த்தில் வர வேண்டிய படத்தை நினைவஞ்சலிப் பக்கத்தில் போட்ட பெருமை எங்கள் அச்சுப் பிரதிக்கு உண்டு. படத்தில் இருந்தவரே கூப்பிட்டு, “நான் இன்னும் இருக்கேன்” என்று தெரிவித்தார். அதற்கு அடுத்த மாத இதழில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எழுத்தில் ‘வருந்துகிறோம்’ என்று போட்டோம். ஒரு மாதம் முழுக்க அந்த மனிதர் எங்கள் கணக்கில் இறந்தவராகவே நடமாடினார்.

இதற்கிடையில் எங்கள் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அதை அதைவிடப் பெரிய நிறுவனம் வாங்கியது. இப்போது எங்கள் முதலாளி யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அச்சுப்பொறிக்கு மை வேண்டுமென்றால் கடல் தாண்டி எங்கிருந்தோ அனுமதி வரும். அங்கே பொது விடுமுறை என்றால் எங்களுக்கு மை கிடையாது. சுவரில் ‘டிஜிட்டலே முதலில்’ என்று ஒரு பதாகை தொங்கியது. அதை மட்டும் அச்சடித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

நாங்கள் எழுதும் எல்லாமும் முதலில் வேறொரு நாட்டில் இருந்த ‘உள்ளடக்க மையம்’ என்ற இடத்துக்குப் போகும். அங்கே இயந்திரம் அதை ஆங்கிலமாக்கும். யாரோ ஒருவர் அதை உலகத் தரத்துக்கு உயர்த்துவார். பிறகு இயந்திரம் அதை மறுபடியும் தமிழாக்கி இணையத்தில் ஏற்றும். எங்கள் அலுவலகம் இருந்த சிராங்கூன் சாலையில் கிளம்பிய தமிழ், வெளிநாட்டுப் பயணம் போய்விட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாத கோலத்தில் சிராங்கூன் சாலைக்கே திரும்பி வரும். இதற்கு உலகமயமாக்கல் என்று பெயர். நாங்கள் அதற்குத் தனியாகக் கூட்டம் போட்டுக் கைதட்டியிருக்கிறோம்.

கடைசிப் பக்கத்தில் நான் எழுதிவந்த பத்தியின் பெயர் ‘பசியாறலாம் வாங்க’. எந்தப் பேட்டையில், எந்தக் கடையில், காலையில் என்ன நன்றாக இருக்கும் என்பதுதான் விஷயம். இந்த ஊரில் பசியாறுவது என்றால் சாப்பிடுவது, அதிலும் முக்கியமாகக் காலைச் சாப்பாடு. லட்சாதிபதியும் பசியாறுவார். பசியே எடுக்காதவரும் நேரத்துக்குப் பசியாறிவிடுவார். சந்தித்தவுடன் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்பது ஒரு வணக்கம், அவ்வளவுதான். யாரும் யாருடைய வயிற்றையும் சோதிப்பதில்லை.

அந்த மாதம் ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த பரோட்டாக் கடையைப் பற்றி எழுதினேன். அங்கே தினமும் பசியாற வரும் ஓர் அங்கிளைப் படம் எடுத்தேன். ஒரு காலத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தார். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் மெல்பர்னில். வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் கீழே இறங்கி வருபவர். நான் கேமராவைத் தூக்கிய நேரத்தில் அவர் கல்லாவுக்கு மேலே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆசை.

அச்சுப் பிரதியில் அந்தப் படம் ஒரு தீப்பெட்டி அளவில், ‘குழம்பு இன்னும் கொஞ்சம்!’ என்ற குறிப்போடு வந்தது. அங்கிளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடையில் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கி, புளோக்கில் இருந்தவர்களுக்கு, தமிழ் தெரியாத சீன அண்டை வீட்டாருக்கும் சேர்த்து, விநியோகம் செய்தார்.

பிறகு அதே கட்டுரை இணையத்தில் வந்தது. ‘ஒரு பிடி உணவுக்காக நீளும் கை’ என்று தலைப்பு. படம் கறுப்பு வெள்ளைக்கு மாறியிருந்தது. அங்கிளின் தொப்பையையும் தங்கக் கைக்கடிகாரத்தையும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டு, நீட்டிய தட்டையும் ஏங்கும் கண்களையும் மட்டும் வைத்திருந்தார்கள். ‘தினமும் காலையில் இங்கே வந்து பசியாறுகிறார்’ என்று நான் எழுதியிருந்தேன். அது போய்வந்த வழியில், ‘ஒவ்வொரு காலையும் இவருடைய பசி இங்கேதான் தீர்க்கப்படுகிறது’ என்று ஆகியிருந்தது. ‘மனிதநேயம்’ என்ற பிரிவில் போட்டு, கீழே ‘உதவ விரும்புகிறேன்’ என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள்.

இதுவரை நான் எழுதிய எதையும் இத்தனை பேர் படித்ததில்லை. டொரொண்டோவிலிருந்து கண்ணீர் வந்தது. பாரிஸிலிருந்து கூப்பிய கைகள் வந்தன. சிங்கப்பூருக்கு வந்தே இராத ஒருவர், இதுதான் சிங்கப்பூரின் உண்மையான முகம் என்று நீளமாக எழுதினார். எங்கள் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் கேக் வரவழைத்தார். என் கையில்தான் கத்தியைக் கொடுத்தார்கள்.

மறுநாள் அங்கிள் கூப்பிட்டார்.

“தங்கச்சி, நோன்புக் கஞ்சிக்கு வருஷா வருஷம் அரிசி குடுக்கிறவன் நான். இப்ப பள்ளிவாசல்ல எங்கிட்டயே வந்து, உங்களுக்கு ஏதாச்சும் வேணுமான்னு மெதுவா கேக்குறாங்க. யாரோ மகளுக்கு வேற அனுப்பிட்டாங்க. பெருநாளைக்குப் பெருநாள் போன் பண்றவ, இப்ப தினம் காலையில கூப்பிட்டு அழுவுறா. ‘அத்தா, பசியாறிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க? வீடியோவுல காட்டுங்க’ன்னு உசிரை எடுக்குறா. கடையில எல்லாரும் பார்க்க, தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கு. மானம் போவுது தங்கச்சி. அதை எடுத்துடுங்க.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. அச்சில் வந்த தவறு என்றால் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை. இணையத்தில் நினைத்த மாத்திரத்தில் எதையும் மாற்றலாம் என்று கூட்டம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதை நம்பினேன்.

டிஜிட்டல் தலைவரிடம் போனேன். என் மகன் வயதுதான் இருக்கும், நல்ல பையன்.

“அக்கா, இது டாப் ஸ்டோரி. எடுத்தா டிராஃபிக் விழுந்துடும் லா.”

“அவர் வசதியானவர்ப்பா. நம்ம எல்லாரையும்விட வசதியானவர்.”

“அது ஹெட்லைன்ல இல்லையே.”

மையத்துக்கு எழுதினேன். அங்கே மனிதர்களுக்கு எழுத முடியாது, ‘டிக்கெட்’ என்ற புகார்ச் சீட்டுதான் போட வேண்டும். என் கருத்து தங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ‘பசி இல்லாத ஒருவர் எப்படிப் பசியாறினார்? விளக்கவும்’ என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். தமிழில் ஒரு சொல்லுக்காக அவ்வளவு நேர்மையாக நான் உழைத்ததே இல்லை. உங்கள் டிக்கெட் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ‘முதியவர்’ என்று இருந்ததை ‘மூத்தோர்’ என்று மாற்றியிருந்தார்கள். மரியாதையாகப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார் அங்கிள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த டிக்கெட்டில் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். அங்கிளிடம் வழக்கறிஞர் யாரும் கிடையாது. அது அவர்களுக்குத் தெரியாது. என் கோப்பி ஆறுவதற்குள் எல்லாம் சரியானது. படத்துக்கு நிறம் திரும்பியது. தொப்பை திரும்பியது. கைக்கடிகாரம் மின்னியது. பொத்தான் காணாமல் போனது. ‘வசதியுடன் வாழும் மூத்தோர் ஒருவர் காலை உணவு உண்கிறார்’ என்று புதுத் தலைப்பு. இதைப் படிக்கத்தான் ஒரு நாதியும் இல்லை. டொரொண்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு யாருக்கோ அழப் போய்விட்டது. எனக்குக் கேக் கொடுத்தவர் சில நாள்கள் என்னைக் கண்டும் காணாமல் போனார்.

நான் மட்டும் பெருமையில் மிதந்தேன். ஆள் பலம் கொண்ட மையத்தை ஒற்றை ஆளாக வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் அல்லவா? அது போதாதென்று, அடுத்த அச்சு இதழிலும் பெரிய எழுத்தில் ஒரு விளக்கம் போட வைத்தேன். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே அல்ல, மேலே. இதழ் வந்ததும் அங்கிளிடம் நேரிலேயே கொடுத்துப் பாராட்டு வாங்கலாம் என்று, பொங்கோலில் என் வீட்டிலிருந்து கிளம்பி ஈசூனுக்குப் போனேன்.

அவர் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பரோட்டா, பக்கத்தில் கைப்பேசி. கைப்பேசியைத் தே தாரே டீக் குவளையில் சாய்த்து, முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது.

இதழை நீட்டினேன். விளக்கத்தை நிதானமாகப் படித்தார். நன்றி சொன்னார். எனக்குக் கோப்பி சொன்னார்.

“இப்ப பள்ளிவாசல்ல யாரும் ஒண்ணும் கேக்கறதில்லையே, அங்கிள்?”

“இல்ல, இல்ல. பழையபடி மரியாதைதான்.”

“உங்க மக?”

“அவளுக்கு நானே அனுப்பிக் காட்டினேன். நீங்க மாத்தினதைப் படிச்சிட்டு, ‘அல்ஹம்துலில்லாஹ், பயந்தே போயிட்டேன் அத்தா’ன்னா. அவளுக்கும் வேலை, பிள்ளைங்க ஸ்கூல்... பெருநாளைக்குப் பேசுறேன்னு சொல்லியிருக்கா.”

பரோட்டாவில் கை வைக்காமல் இருந்தார். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

“தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?”

“கேளுங்க அங்கிள்.”

“அந்தப் பழைய படம் இருக்குல்ல, கறுப்பு வெள்ளை... அதையே திரும்பப் போட முடியுமா?”

“ஏன் அங்கிள்? மானம் போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்தான்.” கைப்பேசியை எடுத்துச் சட்டைத் துணியில் துடைத்தார். “நான் நல்லா இருக்கேன்னு நீங்க போட்டீங்க. அவ நம்பிட்டா.”

அச்சு என்றால் தப்பித்திருப்பேன். அடித்தது அடித்ததுதான் அங்கிள், நம் கையில் இல்லை என்று சொல்லி, வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். இணையம் என்னை அதற்கு வழியில்லாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஒரே ஒரு டிக்கெட் போதும், டிஜிட்டல் தலைவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்.

“முடியுமா, முடியாதா?” என்று அங்கிள் மறுபடியும் கேட்டார்.

“முடியும் அங்கிள்” என்றேன்.