ரிபனில் ஒரு பூ முடிச்சு

எத்தியோப்பியப் பேரரசரின் நட்சத்திர விருது எங்கள் ஸ்பிரிங்வேல் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதைப் பெற்றவர் அரசரின் வீரர் வரிசையில் ஒருவராகிவிடுவாராம். அந்த அரசரைப் பட்டாளம் இறக்கிவிட்டது. நாங்களும் எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் கணவர் முதலில் காட்டுவது அதைத்தான். தேநீரெல்லாம் பிறகு.

எத்தியோப்பியாவில் நாங்கள் இருவரும் விஞ்ஞான ஆசிரியர்கள். பெண்கள் பள்ளிகளுக்கான செய்முறைப் பாடங்களை நான்தான் எழுதினேன். தலைப்பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, தனக்கு விருது கிடைத்ததாக அவர் எழுதினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரும்பிப் போனபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். கசங்கிக் கிடந்த ரிபனை, ஈரத்துணி போட்டு, மடிப்பே தெரியாமல் அழுத்திக் கொடுத்தேன்.

அந்த விருதைக் காட்டி அவர் மெல்பேர்னில் ஆசிரியரானார். என்னிடம் கல்வி அலுவலகத்தில் அத்தாட்சி கேட்டார்கள். ஆட்சி கவிழ்ந்த நாட்டிலிருந்து யார் பதில் போடுவார்கள்? நான் பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கினேன்.

ஒருநாள் எங்கள் எத்தியோப்பியப் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் சிட்னியிலிருந்து வந்து தங்கினார். கணவர் வழக்கம்போல விருதைக் காட்டியதும், வந்தவர் கதிரையை விட்டு எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"இது உமக்கெல்லோ பிள்ளை தந்தது! நீர் ஊரிலை நிண்டபடியால் இவர் போய் வாங்கினவர். பொம்பிளையளுக்கு ரிபனைப் பூ மாதிரி முடிஞ்செல்லோ குடுக்கிறவை. அந்த முடிச்சு எங்கை?"

முடிச்சை அவிழ்த்த என் கணவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்கு நானே ஈரத்துணி பிடித்திருக்கிறேன். அவரைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"ஆம்பிளை நான் இருக்க, மனிசிக்கு விருது எண்டால் சனம் சிரிக்கும்" என்றார். "இப்ப ராசாவும் இல்லை, ராச்சியமும் இல்லை. விடுமன்."

"கல்விக் கந்தோருக்கு வந்து, இது என்ரை எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் என்ரை வேலை?"

என் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் சட்டத்தைக் கழற்றினேன். ரிபனைப் பூவாக முடிந்து சேலையில் குத்திக்கொண்டேன். சாட்சி சொல்ல வருவதாகச் சொன்ன தலைமையாசிரியர் வாசலில் காத்து நின்றார். கணவர் வெறும் சுவரையே பார்த்தார்.

"வாற சனத்துக்கு இனி என்னத்தைக் காட்டுறது?" என்று கேட்டார்.