அத்தான் வேனுக்குப் போட்ட புது பிரேக்

நேற்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், யாருடைய காரிலிருந்தோ சிவப்பாக எண்ணெய் சொட்டிக் கிடந்தது. நன்னாரி சர்பத்தைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போன மாதிரி. காவலாளி அதன்மேல் மணல் தூவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து மோந்து பார்த்தேன். தலை நரைத்த பெண்மணி ஒருத்தி கார் எண்ணெயை மோந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "க்யா ஹுவா மேடம்?" என்றார். ஒன்றுமில்லை என்று லிப்டுக்குள் புகுந்துகொண்டேன். வாசனையும் கூடவே ஏறி வந்துவிட்டது. லேசான கருகல், அதற்குள் ஒரு தித்திப்பு. எனக்கு அது உப்பலில் வண்டி பழுதுபார்த்த ஜஹீர் பாயின் பட்டறை வாசனை.

பட்டறைக்குப் போகுமுன் வேனைப் பற்றிச் சொல்லவேண்டும். வேனுக்கு முன்னால் அத்தானை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் வந்த குடும்பங்கள் எங்களுடையவை. ஊர் போய்விட்டது, 'ஏளா' மட்டும் வாயில் தங்கிவிட்டது. அதோடு இந்த ஊரின் வேண்டாமான 'நக்கோ'வும் ஆமாமான 'ஹவ்'வும் சேர்ந்துகொண்டன. அக்காவும் அத்தானும் அல்வாலில் ஒரு சமையல்கூடம் நடத்தினார்கள். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே இரண்டு மூன்று ஆபீசுகளுக்கு மதியச் சாப்பாடு எங்களுடையது. டிகிரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நானும் ஒட்டிக்கொண்டேன். ஆபீசுகளுக்குப் போன் பேசுவது என் வேலை. மீதி நேரம் முன்சீட்டில் உட்கார்ந்து அத்தான் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்வேன். இரண்டாவதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

குறை சொல்லவும் இடமிருந்தது. அது ஒரு பழைய டீசல் வேன். பிரேக் பிடிக்கவேண்டுமென்றால் அத்தான் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டு சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் வலது காலில் இறக்கவேண்டும். பக்கத்து ஆட்டோக்காரர்கள் தங்களுக்குத்தான் மரியாதை செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். வண்டியை விட்டு இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார்.

"பிரேக் போடுதியளா அத்தான், மல்யுத்தம் பண்ணுதியளா?"

"நக்கோளா. இத்தன வருசம் நிக்கல? சொன்ன இடத்துலதானே நிக்கி?"

ஒருநாள் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. போயன்பல்லி பக்கம் ஓர் எருமையின் பின்புறத்தில் போய் மெதுவாக முட்டி நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். அத்தானும் அக்காவும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எருமை இருந்த இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நச்சரிப்பு. விசாரித்து விசாரித்து ஜஹீர் பாயைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

டீசல் இஞ்சினில் பிரேக்குக்குத் துணை செய்யும் அந்த உறிஞ்சும் விசை கிடையாதாம். அதனால் வேறு வழி சொன்னார் பாய். இஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற ஓர் எண்ணெய் பம்பு. அந்த எண்ணெயின் அழுத்தம், நாம் பெடலை மிதிக்கும்போது கூடச் சேர்ந்து தள்ளும். காயலான் கடைக்கு வந்த ஒரு வெளிநாட்டு வேனிலிருந்து அந்தச் சாமானைக் கழற்றி, எங்கள் வண்டிக்குப் பொருத்தினார். சிவப்பு எண்ணெயை ஊற்றிவிட்டு விரலில் தேய்த்து மோந்து பார்ப்பார், ஏதோ நெய் வாங்க வந்தவர் போல. நானும் ஒருமுறை மோந்து பார்த்து மூன்று தும்மல் போட்டேன். வேலை முடிந்ததும் அத்தானிடம் சொன்னார்: "பெடல் கூ மார்னா நக்கோ பாய். ஜரா சூனா, பஸ்." மிதிக்காதே, தொட்டால் போதும்.

அத்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்வாலில் ஒரு காலி மைதானத்தில் வெறும் வண்டியை ஓட்டிப் பழகினார். முதல் மிதியில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. "ஏளா, கட்டவெரல் போதும்போல இருக்கே!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். பிறகு நன்றாகவே பிடிபட்டது. சில நாட்கள் வேன் ஊஞ்சல் நிற்பதுபோல நின்றது. அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது. இறங்கும்போதெல்லாம் அவர் முழங்காலைப் பார்ப்பேன். நொண்டவில்லை. என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று பேகம்பேட்டில் மேம்பாலம் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் பாத்திரங்களை எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ரச அண்டா மட்டும் எப்போதும் கடைசியில் ஏறும். அதை அக்கா தன் கால்களுக்கு இடையில் வைத்து, மூடியைப் பிடித்தபடி வருவாள். இறக்கம் முடிகிற இடத்தில், செல்போன் பேசிக்கொண்டே ஓர் ஆள் நடுத்திட்டிலிருந்து சாலையில் இறங்கினார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தான் எழுந்துவிட்டார். பழையபடியே, உடம்பு முழுவதையும் காலில் இறக்கிவிட்டார். பழகிய பாடமெல்லாம் தலையில் இருந்தது. பயந்தபோது காலுக்கு அதன் பழைய பாடம்தான் ஞாபகம் வந்தது.

வேன் அறைந்ததுபோல நின்றது. அந்த ஆளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் பானெட்டில் ஓங்கித் தட்டி, "கள்ளு கனபடட்லேதா?" என்று தெலுங்கில் கத்தினார். எங்களுக்குத்தான் கண் தெரியவில்லையாம். கத்திவிட்டு மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பின்னால் அக்கா அலறியது என் காதில் ஏறியது.

அண்டா கவிழ்ந்து கொதிக்கிற ரசம் முழுதும் அவள் வலது காலில், முழங்காலிலிருந்து விரல் வரை. அத்தான் கதவைத் திறந்தார். நான் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன தண்ணீர் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக அவள் காலில் ஊற்றினேன். கையில் மிளகும் கறிவேப்பிலையும் ஒட்டின. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "ஆபீசுக்குப் போன் பண்ணுளா. இன்னைக்கி ரசம் கெடையாதுன்னு சொல்லு." நான் போன் பண்ணினேன். அதுதானே என் வேலை.

கால் ஆற வெகு நாளாயிற்று. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். நம்பமாட்டீர்கள், யாராவது திட்டினால் ஒரு வேளைச் சோறாவது ஒழுங்காக இறங்கும் என்று இருந்தது. அக்கா திட்டவில்லை. "நீ என்ன செய்வ, அந்தச் சவம் வந்து குறுக்க விழுந்தான்" என்றாள். அத்தான் பிரேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. கட்டுப் பிரிக்கப் போன ஒரு நாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் நானே ஆரம்பித்தேன்.

"நான்தான அத்தான் அந்த பிரேக்கப் போடச் சொன்னேன்."

அத்தான் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பழைய பிரேக்குன்னா அந்த ஆளு போயிருப்பான். ஒங்கக்காவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டுல எது வேணும்னு அந்த நிமிசம் சாமி வந்து கேட்டிருந்தா, நான் எதச் சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும்ளா. அதாம் தூங்க முடியல."

நான் என் குற்றத்தை இறக்கிவைக்கப் போனேன். அவருடையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏனென்றால், நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மனிதர் இன்றைக்கும் இந்த ஊரில் எங்கோ போன் பேசிக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். நன்றாக இருக்கட்டும். இதைச் சொல்லவே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

அத்தான் அதன்பின் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வந்தார், நல்ல மெதுவான கால். பிறகு ஆபீசுகளே சொந்தமாக கேன்டீன் வைத்துக்கொண்டன. வேன் காயலான் கடைக்குப் போயிற்று. சமையல்கூடம் இருந்த இடத்தில் நாலு மாடி வீடு நிற்கிறது. பாயின் பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை. இவையெல்லாம் எப்படியும் போகிறவைதாம்.

அக்கா கொலுசு போடுகிறவள். கல்யாணத்துக்கு வந்த கனத்த கொலுசு. ஆஸ்பத்திரியில் கழற்றியது. ஆறிய தோல் பாலாடை மாதிரி இருந்ததால் வெள்ளி உரசினால் தாங்காது. ஒற்றைக் காலில் எதற்கு என்று, என் கல்யாணத்தின்போது இரண்டையும் என் காலில் பூட்டிவிட்டாள். "நடந்து காட்டுளா" என்றாள். நடந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்படித்தான் சத்தம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேனா நான்?" என்று சிரித்தாள்.

இப்போது அக்கா வீட்டில் அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு எப்போது வந்தாள் என்பதே தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தால் நிற்கிறாள்.