பிரான்ஸ் பிள்ளைகளின் ரூமுக்குக் கீழே ஓடும் வாய்க்கால்

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்படியில்தான் வளர்ந்தன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பின்வீட்டுக்காரரும் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவர். என்னை ஆயா என்று கூப்பிடுவார்.

எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் போகிறது. பார்த்தால் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் திறந்து கிடந்தது, அதில்தான் பாத்திரம் துலக்கினேன். பிறகு அவரவர் கொல்லை அளவுக்குக் கல் பலகை போட்டு மூடிவிட்டார்கள். மூடினாலும் முறை ஒன்று இருந்தது. புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஒவ்வொரு வீடும் தன் பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிச் சேற்றை அள்ள வேண்டும். அள்ளாத வீட்டோடு அடுத்த புரட்டாசி வரை யாரும் பேசமாட்டோம். அதனால்தான் குளத்து மதகில் வழிகிற தண்ணீர் எங்கள் காலுக்கடியில் ஓடி, சத்தமில்லாமல் அரசலாற்றில் விழுந்தது.

சொல்தா பலகையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார். அதன்மேல் ஒரு ரூம் கட்டினார். பிரான்சிலிருந்து பிள்ளைகள் லீவுக்கு வந்தால் தங்குவதற்காம். கட்டி முடித்த வருஷமே ஐப்பசியில் என் அடுப்படிக்குள் முழங்கால் தண்ணீர். மறுவருஷமும் அப்படியே. அரிசி டின் மிதந்தது, சுவர் ஊறி விரிசல் விட்டது. இன்னொரு மழைக்கு வீடு நிற்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

முனிசிபாலிட்டியில் மனு கொடுத்தேன். ஓவர்சியர் வந்தார். "எங்க பிளான்ல இங்க வாய்க்காலே இல்லீங்களே" என்றார்.

"உங்க பிளான்ல என் அடுப்படி இருக்கா? அது மட்டும் நனையுது."

மறுநாள் அவரை மறுபடி வரச்சொல்லிவிட்டு, ரைஸ்மில்லில் இரண்டு மூட்டை உமி வாங்கிக் குளத்து மதகில் கொட்டினேன். பலகைச் சந்து ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன், ஓவர்சியர் பின்னாலேயே வந்தார். ஏழு வீட்டுச் சந்திலும் உமி ஓடியது. எட்டாவது, சொல்தா ரூம். அங்கே வந்ததும் தேங்கிச் சுழன்று என் கொல்லைக்குள் ஏறியது. ஆற்று முனையில் நின்ற மருமகள் போன் பண்ணினாள். "அத்தை, இங்க ஒரு பொட்டு உமி வரலை."

சொல்தா சுவரோரமாக நின்று சிரித்தார். "சாக்கடையில உமியைக் கொட்டி ஆயா வேடிக்கை காட்டுது. என் இடம் எதுவரைக்கும்னு பத்திரம் சொல்லும் சார்."

உள்ளே போய் எடுத்து வந்தார். அவர் தாத்தா காலத்துப் பத்திரம், முழுக்கப் பிரெஞ்சு. எங்கள் யாருக்கும் தெரியாத பாஷையைப் படிப்பதில் அவருக்கு அவ்வளவு ருசி. தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க. தமிழ்ல சொல்லுங்க" என்றார் ஓவர்சியர்.

அதுவும் அவருக்குப் பெருமைதான். விரலை வைத்து வரி வரியாகச் சொன்னார். "மேற்கே தெரு. வடக்கே மாதா கோயில் மனை. தெற்கே சின்னச் சந்து. கிழக்கே ஊர்ப் பொது வாய்க்கால்..." விரல் அங்கேயே நின்றது.

"தம்பி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசியா சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.

அவர் பத்திரத்தை மடித்தார். ஓவர்சியர் கையை நீட்டினார். "குடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அடுத்த மாதம் ரூமின் தரையை உடைத்தார்கள். கீழே பழைய செங்கல் வளைவு, அதில் தொண்டை வரை சிமெண்ட் மூட்டையும் ஓட்டாஞ்சல்லியும். அள்ளி எறிந்ததும் தண்ணீர் போயிற்று. அந்த ஐப்பசியில் என் அடுப்படி நனையவில்லை. லீவுக்குப் பிள்ளைகளும் வரவில்லை, ரூம் முழுசாக இருந்தபோதும் அவர்கள் வந்ததில்லை.

அந்த ஓவர்சியர் மாற்றலாகிப் போய்விட்டார், எடுத்த போட்டோவும் அவரோடு போயிற்று. இப்போது சொல்தா, நான் அவர் மனையைப் பிடுங்கிக்கொண்டேன் என்று தெருவில் சொல்லித் திரிகிறார். அவர் வாசலில் மறுபடி மணல் லாரி வந்து நிற்கிறது. பத்திரம் அவர் பெட்டியில் இருக்கிறது. என்னிடம் இந்த நோட்டு இருக்கிறது. அவர் வாயாலேயே சொன்னதை அதில் எழுதிவிட்டேன்.

பேத்தி, இங்கே வா. இதை முதலிலிருந்து படி. பிழையைத் திருத்தாதே. உட்கார்ந்து வேண்டாம், அடுப்படி ஜன்னலோரம் நின்று, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி படி.