பொட்டு வைத்த சிடி

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று ஓடுகிற பொருள் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தோட்டத்து மோட்டார், அப்பாவின் பைக், தையல் மிஷின், மிக்சி, சுவர்க் கடிகாரம் வரைக்கும் உண்டு. ஓடாததற்குக் கிடையாது. அரிவாள்மனை எங்கே ஓடுகிறது என்று ஒரு வருடம் நான் கேட்டதற்கு, "அதுல கை ஓடுதுல்ல, அதுக்குத்தேன்" என்றாள் அம்மா. சித்தப்பா கம்ப்யூட்டர் வாங்கிய வருடம் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அதற்கு நெற்றி எது என்று அம்மாவும் நானும் வெகுநேரம் யோசித்து, கடைசியில் மானிட்டரின் மேல் விளிம்பைத்தான் நெற்றி என்று முடிவு செய்தோம்.

போன வருடம் என் மகன் லேப்டாப்பில் புது சிஸ்டம் ஏற்றியதும் அவனுடைய பழைய கேம் ஒன்று ஓடாமல் போய்விட்டது. சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல், அந்த லேப்டாப்பைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு நோய் மட்டும் எனக்குப் பழக்கமானது. பண்ணைப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் ஐந்தாவது படிக்கும்போது, அதே நோயோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சித்தப்பா தேனியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் டிசைன் செய்துகொண்டிருந்தார். அவர் வாங்கிய ஏதோ ஒரு புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு கேம் இருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் குகைக்குள் ஓடுவான். வழியெல்லாம் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக ஏதோ தொங்கும். அதை அவன் பறிக்க வேண்டும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும். இங்கிலீஷில் அதற்கு என்ன பேர் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அது திராட்சை கேம்.

"நம்ம தோட்டத்துல பறிக்க ஆள் கிடைக்காம நாயா அலையிறேன். இங்கன ஒருத்தன் கூலி இல்லாம பறிச்சுக்கிட்டுத் திரியிறான்" என்பார் அப்பா.

அதை நானும் அம்மாவும் சேர்ந்து விளையாடுவோம். அம்புக்குறிப் பட்டன்களில் என் விரல்கள். தாண்டுவதற்கான நீளப் பட்டனில் அம்மாவின் கட்டைவிரல். பள்ளம் வந்ததும் "தாண்டு ஆத்தா, தாண்டு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு அம்மா அமுக்குவாள். என்னை ஆத்தா என்று கூப்பிட்டது அவள் மட்டும்தான். அருவி ஒன்று வரும். அதற்குள் மூன்று பாறைகள். அதை மட்டும் நாங்கள் தாண்டியதே இல்லை. "ஒருநா தாண்டிருவோம், மாரியாத்தா இருக்கா" என்பாள்.

அடுத்த பங்குனியில் மஞ்சள்காமாலை வந்து அம்மா போய்விட்டாள். வீரபாண்டிக் கோயிலுக்கு நேர்ந்திருந்த தீச்சட்டியை அவளுக்குப் பதிலாக அப்பா எடுத்தார்.

வருடம் திரும்பியதும் அப்பாவுக்குக் குமுளிக்கு மேலே இருந்து சின்னம்மாவைக் கட்டிவைத்தார்கள். ஏலத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பேசுவது தமிழ்தான் என்றாலும் நடுநடுவே மலையாளம் வந்து விழும். வந்த அன்று என்னைப் பக்கத்தில் இழுத்து, மலையாளத்தில் மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "மோளே" என்றார். "என் பேரு மோளே இல்ல" என்று சொல்லிவிட்டு நான் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அப்படிக் கூப்பிடவில்லை. நானும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தரையில் தட்டுவேன்.

அவர் எதைச் செய்தாலும் முதலில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்பார்.

"அக்கா இத எப்படிச் செய்வாக?"

அக்கா என்றது என் அம்மாவை. நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவளை விசாரிப்பார். ரசத்துக்குப் பூண்டைத் தட்டியா போடுவாக, நறுக்கியா? விளக்குக்கு எத்தனை திரி? வந்த புதிதில் தேங்காயெண்ணெயில் பொரித்த அப்பளத்தை நான் தள்ளி வைத்ததைப் பார்த்து, மறுநாளே கடலையெண்ணெய்க்கு மாறிவிட்டார். தேங்காயெண்ணெய் பாட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது.

ஆயுத பூஜைக்கும் அதே கேள்வி வந்தது. அப்பா பூவைக் கட்டிக்கொண்டே, "ஓடுறதுக்கெல்லாம் பொட்டு வைப்பா" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் விவரம் சொல்லவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சித்தப்பா பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருந்தார். பெரிய மானிட்டர், புது சிஸ்டம். உள்ளே பச்சைப் புல்லும் நீல வானமும் படமாக நின்றன. பூஜை அன்று எதையும் தொடக் கூடாது என்பதால், மறுநாள் விடிந்ததும் திராட்சை கேம் சிடியைத் தேடி எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சிடியின் பளபளக்கிற பக்கத்தில், வானவில் மாதிரி தெரியுமே அந்தப் பக்கத்தில், மூன்று விரல் விபூதி. நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

துடைத்துவிட்டுப் போட்டேன். திரை ஒரு தடவை கறுத்தது. உடனே புல்லும் வானமும் திரும்ப வந்துவிட்டன. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே.

"சித்தப்பா! இவுக பொட்டு வச்சு சிடியக் கெடுத்துட்டாக!"

சின்னம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "ஓடுறதுக்கெல்லாம்னு அவுக பறஞ்சாக... சொன்னாக. இது சுத்துமேன்னு..." என்று ஆரம்பித்து, முந்தானையால் என் கையிலிருந்த சிடியைத் துடைக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. அது என் அம்மா விளையாடிய கேம் என்று சொல்லி அழுதேன். அவர் சாமி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சித்தப்பா சிடியை வாங்கிக் கழுவி, பனியன் துணியில் ஒற்றி எடுத்துப் போட்டுப் பார்த்தார். கறுப்பு, பிறகு புல். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சிடிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் திரையில் திறந்து காட்டினார்.

"பாரு, அம்புட்டும் இருக்கு. சிடி மேல குத்தமில்ல, பொட்டு மேலயும் குத்தமில்ல. மதினி, நீங்க எதுக்கு அங்கன நின்னு கண்ணத் தொடைக்கிறீக? சிஸ்டம் புதுசு, கேம் பழசு. அதான் வெவகாரம்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. கேள்விதான் வந்தது. "அது புதுசுன்னு கேமுக்கு எப்படித் தெரியும்?"

"கேம் வாசல்ல வந்து நின்னு, 'நீ யாரு'ன்னு கேக்கும். பழைய கம்ப்யூட்டர்னா 'நாந்தேன்'னு சொல்லும், உள்ள வந்துரும். இது என்ன சொல்லுது? 'நான் புது ஆளு'ங்குது. 'எனக்கு உன்னையத் தெரியாது'ன்னுட்டு அது திரும்பிப் போயிருது."

"கொஞ்ச நேரம் இருந்து பழகிப் பாக்கக் கூடாதா?"

"பழகிப் பாருன்னு அதுக்கு யாரும் எழுதி வைக்கலயே பாப்பா."

அன்று முழுக்கச் சித்தப்பா பத்திரிகை வேலையைப் போட்டுவிட்டு அதோடு மல்லுக்கட்டினார். ஒரு தடவை சிவப்புச் சிலுவை போட்ட பெட்டி ஒன்று வந்து, என்னவோ எண்களைச் சொல்லிவிட்டுப் போனது. ஒரு தடவை கேம் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சத்தத்தோடு வந்தது. ஆனால் தொப்பிக்காரன், பேய் பிடித்தவன் மாதிரி, நான் விரலை வைப்பதற்குள் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்து செத்தே போனான். புது மிஷினுக்கு வேகம் அதிகமாம், அவனையும் அதே வேகத்தில் விரட்டுகிறதாம். "கஞ்சி குடிக்காம ஓடுறான் பாரு" என்றார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கம்ப்யூட்டரோடு அம்மாவின் கட்டைவிரலும் போய்விட்டது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் சித்தப்பா தேனியில் ஒரு சிநேகிதருக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு வந்து எதையோ வலது பக்கம் கிளிக் செய்தார். ஒரு சின்னக் கட்டம் வந்தது.

"இங்கன ஒரு டிக் போட்டா முடிஞ்சது. நீ பழைய சிஸ்டம் மாதிரி நடந்துக்கன்னு புதுசுகிட்டச் சொல்றோம். கேம் வந்து கேட்டா, 'நான் பழைய ஆளுதேன்'னு சொல்லிரும்."

டீ கொண்டுவந்த சின்னம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"பொய் சொல்லச் சொல்றீகளா தம்பி?"

"பொய்யின்னு இல்ல மதினி. அதுக்குப் பழக்கமான மாதிரி இருந்துக்கன்னு சொல்றோம்."

"எம்புட்டு நாளைக்கு?"

"டிக்க எடுக்குற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்."

சின்னம்மா டம்ளரைக் கீழே வைக்காமல் திரையையே பார்த்தார். "அதுக்கு வருத்தமா இருக்காதா?"

"எதுக்கு, கேமுக்கா?"

"இல்ல தம்பி. புதுசுக்கு."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மிஷினுக்கு என்ன மதினி வருத்தம்! டீயக் குடுங்க, ஆறிப்போகுது."

கேம் ஓடியது. அவ்வளவு பெரிய மானிட்டரில் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓடியது. சுற்றிலும் கறுப்பு. நிறமும் கொஞ்சம் மங்கல்தான். இத்தனை பெரிய திரையை வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஒடுங்கி ஓடுகிறது என்று கேட்டேன். பழையது மாதிரி இருக்கணும்னா அம்புட்டுத்தேன் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா டீயைக் குடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் ஒருத்தியாக விளையாடிப் பார்த்தேன். ஒரு கையில் ஓடி ஒரு கையில் தாண்ட வரவில்லை. தொப்பிக்காரன் விழுந்துகொண்டே இருந்தான்.

"நான் உக்காரட்டா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சாமிக்குப் பூ வைக்கிற பதனத்தோடு கட்டைவிரலை அந்த நீளப் பட்டனில் வைத்தார். அப்பாவிடம் இதையும் விசாரித்திருப்பார் போல. முதல் பள்ளம் வந்ததும், "தாண்டு... ஆத்தா, தாண்டு" என்றார். சொல்லி முடித்துத்தான் விரல் இறங்கியது. அதற்குள் தொப்பிக்காரன் பள்ளத்துக்குள்ளே இருந்தான்.

அடுத்த பள்ளத்திலும் அப்படியே. வார்த்தை முன்னால் போகும், விரல் பின்னால் வரும். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி யோசித்து யோசித்துத் தாண்டு என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, ஊதாக் கொத்துகளைப் பறித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தோம். அருவிச் சத்தம் கேட்டது. முதல் பாறை வந்தது.

"சாடு மோளே! சாடு!"

தாண்டு என்பது மலையாளத்தில் வந்து விழுந்துவிட்டது. பட்டன் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், அப்படி ஒரு அடி. தொப்பிக்காரன் பாறையில் நின்றான். "சாடு! சாடு மோளே!" இரண்டாவது பாறை. நாற்காலியே ஆடியது. "சாடு!" மூன்றாவது.

அருவிக்கு அந்தப் பக்கம் நின்றோம். நான் பார்த்தேயிராத இடம். நிறைய நட்சத்திரங்களும் ஒரு பாலமும் இருந்தன.

திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, தப்புச் செய்தவர் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பள்ளம் வந்துவிட்டது. அவசர அவசரமாக, "தாண்டு ஆத்தா" என்றார். விரல் பிந்திவிட்டது. விழுந்துவிட்டோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனென்றால் விஷயத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எந்த வார்த்தைக்கு அந்தக் கேம் தாண்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். 'நீ யாரு' என்று வாசலில் நின்று கேட்கிற கேமுக்கு ஒரு ரகசிய வார்த்தை இருக்காதா என்ன?

"எதுக்கு மாத்துனீக? முன்னாடி சொன்னீகள்ல, அதையே சொல்லுங்க சின்னம்மா. அதுலதான் தாண்டுது. இனிமே அதையேதான் சொல்லணும்!"

அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். எழுந்து அடுப்படிக்குள் போனார். அருவியையே தாண்டிவிட்ட சந்தோஷத்தில் நான் கேமை முதலிலிருந்து போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் நின்று முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். புகையும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஒரு கேமில் ஜெயித்ததற்கா பெரிய மனுஷி இப்படி அழுவாக என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

"தொப்பிக்காரன் நிக்கிறான், வாங்க!"

"வர்றேன் மோளே" என்றார். ரகசிய வார்த்தையை மறக்காமல் இருக்கச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி அப்பளம் தேங்காயெண்ணெயில் பொரிந்திருந்தது. அப்பா ஒரு வாய் கடித்துவிட்டு, நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னொரு அப்பளம் கேட்டேன். எனக்கு அப்போது மனதில் இருந்ததெல்லாம் அந்தப் பாலத்துக்கு அப்புறம் என்ன வரும் என்பது மட்டும்தான்.