சிவப்பு ஊசி

அந்த மருந்துக்குப்பியின் கழுத்தை உடைக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். உள்ளே மாதுளைச் சாறு போலச் சிவப்பு. ஊசியில் ஏற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் அதையே பார்ப்பார்கள். அது வெறும் வைட்டமின். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் ஆய்வகப் படிப்பை முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் அந்த டாக்டருடைய கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களைப் பார்த்துவந்த டாக்டர். யாருக்குச் சர்க்கரை, யாருடைய தாத்தாவுக்கு ஆஸ்துமா, எந்த மருமகள் தன் வலியை வீட்டில் சொல்லமாட்டாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்துக்குப் போய் இலவசமாக வைத்தியம் பார்ப்பார். பெட்டி கட்டுவது என் பொறுப்பு. பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் பட்டை, பஞ்சு, காய்ச்சல் மாத்திரை, கடைசியாகச் சிவப்பு ஊசி. வரிசை மாறினால் எதையோ மறந்துவிட்டதுபோல இருக்கும்.

சேர்ந்த புதிதில், இந்த ஊசி எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "ஊசி போடலன்னா இவங்களுக்கு அது வைத்தியமே இல்லம்மா. நான் போடலன்னா எவனாவது போலி டாக்டர்கிட்ட போய் எதையாவது குத்திக்கினு வருவாங்க. இதால கெடுதல் இல்ல. இதுக்குன்னு வந்தாத்தானே நான் பிரஷர் பார்க்க முடியும்?" என்றார். அதில் பிழை கண்டுபிடிக்க இன்றும் எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

வலை இழுத்து இழுத்துத் தோள் இறுகிப்போன ஒரு மீனவர் தவறாமல் வருவார். "பாப்பா, செவப்பு இருக்குதா? பச்சத்தண்ணிய குத்தி அனுப்பிடாத" என்பார். வலிக்கிறதா என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மனைவியைக் காட்டி, "இவ வாயால குத்துறதுக்கு இது எவ்ளோ தேவல" என்பார். அந்த அம்மாள் அவர் முதுகில் ஒன்று வைப்பார். நான் சிரித்துக்கொண்டே அடுத்த குப்பியை உடைப்பேன். அவர் மாரடைப்பில் இறந்தபோது டாக்டரும் நானும் மாலையோடு போய்வந்தோம்.

சில மாதங்கள் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் டாக்டருக்குப் பாராட்டு விழா நடந்தது. சால்வைமேல் சால்வை. குப்பத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். இறந்துபோன மீனவரின் மனைவியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்குதுன்னாரு. எம் புள்ள ஆட்டோவ இட்டாந்துட்டான், பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு. மனுசன் ஏறவே மாட்டேன்னுட்டாரு. ஞாயித்துக்கெழம நம்ம டாக்டரு வருவாருடி, ஒரு செவப்பு ஊசி போட்டா கடலுக்கே போயிடுவேன்னாரு. சனிக்கெழமயே போய்ச் சேந்துட்டாரு. உசுரு போற வரிக்கும் அய்யாமேல அவ்ளோ நம்பிக்க."

மண்டபமே கைதட்டியது. மேடையில் டாக்டர், தோளில் இருந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் இறப்பதற்கு முன்பே ஏதாவது ஒரு ஞாயிறு ஒரு வார்த்தை, இது சத்துக்கு மட்டும்தான், நெஞ்சுவலிக்கு இல்லை என்று, நானே சொல்லியிருக்கலாம். பச்சத்தண்ணி என்று அந்த மீனவர் கேலி செய்த எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார். வெயிலில் காய்ந்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவர், பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை. "அந்த ஊசி வெறும் சத்து ஊசிம்மா. நெஞ்சுவலிக்கு அது ஒண்ணும் செய்யாது. அதை நான் அவருகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது."

அந்த அம்மாள் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, சத்தத்தை உயர்த்தாமல் கேட்டார்:

"அப்ப எதுக்குங்கய்யா காத்துக்கினு இருந்தாரு?"

ஊசியில் மருந்தை ஏற்றிக் கொடுத்த நானும் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தேவலை.

நான் இப்போது விழுப்புரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுகளில் மட்டும் அவரோடு குப்பத்துக்குப் போகிறேன். ஊசி கிடையாது என்றதும், "டாக்டருக்கு வயசாயிடுச்சி, வுடு" என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களிடம், பிரஷர் பார்த்து முடித்ததும், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அவர் சொல்கிறார்: "நெஞ்சு வலிச்சா எனக்காகக் காத்திருக்காதீங்க." அந்த அம்மாளும் சில வாரங்களில் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் முறை வரும்போது மட்டும் டாக்டர் அதைச் சொல்வதில்லை. நான் தலை நிமிராமல் அந்த அம்மாளின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறேன்.