உள்ளங்கையில் ஒரு சொட்டு

பெங்களூரில் பீர் வடிக்கும் நண்பன் ஐந்து வகை பீரோடு எங்கள் ஊர் குன்னத்துக்கு வந்திருந்தான். அதில் ஒன்றில் மட்டும் இங்கே தன் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தைச் சேர்த்து, முதன்முதலாகத் தானே பக்குவம் பார்த்து வடித்திருந்தான்.

"எதுன்னு சொல்லுங்கடா. ஒருத்தனுக்கும் தெரியலன்னா நான் வடிச்சது வெறும் தண்ணி" என்றான். சிரித்துக்கொண்டே கிளாஸ்களில் ஊற்றினான்.

வேப்பமர நிழலில் கிளாஸ்கள் கைமாறின. ஒன்று காப்பியாய்க் கசந்தது, ஒன்று மாம்பழமாய் மணத்தது. தேர்த்திருவிழாவில் தொலைந்த பிள்ளையாய் நாக்கு அலைந்தது. கூட இருந்த நண்பர்கள் நாங்கள் மூவரும் மூன்று பதில் சொன்னோம். மூன்றும் தப்பு. அவன் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் சோளம் விலை பேச வந்த வியாபாரி மொபெட்டை நிறுத்தினார். புருவமெல்லாம் மஞ்சள் தூசி, காதில் செருகிய பேனா. எதையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த பிறகே பேசுகிறவர்.

"நான் குடிக்கிறதில்லைங்க தம்பி. கையில ஊத்துங்க, பாப்போம்."

ஒவ்வொன்றாய்த் தேய்த்து முகர்ந்தார். நான்காவதில் நின்றார்.

"இதுதான். தார் ரோட்டுல காயப்போட்ட சோளம்."

நண்பன் துள்ளி எழுந்தான். "ஆமாங்க, எங்கம்மா ரோட்டுலதான் காயப்போட்டுச்சு."

"இன்னும் ஒரு வெயில் பட்டிருக்கணும். அம்மாகிட்ட சொல்லுங்க" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எந்த கிளாஸை எடுத்தாலும் முதல் சொட்டை இப்போது உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறேன். இதுவரை என் கையின் வாசம்தான் வந்திருக்கிறது.