பனிமூட்டத்தில் வந்தவர்

அருள்நாயகி ஒஸ்லோவுக்கு அருகே லோறென்ஸ்கூக் பக்கம் பஸ் ஓட்டுகிறவள். கூட வேலை செய்த பியோன் என்ற நோர்வேக்காரரோடு ஒருமுறை காட்டுக்குப் போய்வந்தவள், அடுத்த வருடமே வேட்டைப் பரீட்சை எடுத்து, துவக்கும் வாங்கிவிட்டாள். ஒஸ்லோத் தமிழருக்கு அது பெரும் புதினம். போர்க்காலத்தில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஊர்க்காரி அல்லவா?

கணவன் யோகலிங்கத்துக்கு மட்டும் உள்ளூர ஒரு தெம்பு. "கள்ளன் வந்தாலும் இனிப் பயமில்லை," என்றான்.

"கள்ளன் வந்தால் அறையைப் பூட்டிப்போட்டுப் பொலிசுக்குப் போன் அடிப்பன். இது எல்க் மான் சுடுறதுக்கு மட்டும்." துவக்கை வைத்துப் பூட்டும் இரும்பு அலுமாரியின் திறப்பை அவள் அவனிடம்கூடக் கொடுத்ததில்லை.

2006 ஒக்ரோபரில் ஒரு காலை, பியோனின் குழு காட்டில் ஆளுக்கொரு இடமாகப் பிரிந்து காத்திருந்தது. அருள்நாயகிக்கு வாய்த்தது ஒரு சிறு குளத்தின் கரை. பனிமூட்டம் தண்ணீரையும் மரங்களையும் ஒன்றாக்கியிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. மரங்களுக்கிடையே மண்ணிறமாக ஒன்று அசைந்தது. அதன் மேலே கிளைத்த கொம்பு. துவக்கைத் தூக்காமல் முதலில் தூரக்கண்ணாடியை எடுத்தாள்.

கொம்புக்குக் கீழே ஒரு கை தெரிந்தது.

தடித்த மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர். தோளில், கொம்பாகத் தெரிந்த காய்ந்த மரக்கிளை. மற்றக் கையில் கோடரி. கிளையைக் கீழே போட்டுவிட்டு நேராக அவளை நோக்கி நடந்தார்.

"நில்லுங்கள்!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினாள். அவர் நிற்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. கோடரி மெல்ல உயர்ந்தது.

துவக்கில் ரவை இருந்தது. தூக்கினால் போதும் என்று கை சொன்னது. அந்த நொடியில் ஊரில் பார்த்த கோண்டாவில் சந்தி நினைவுக்கு வந்தது. நில் என்ற சத்தம் கேட்காமல் சைக்கிளில் போன செவிட்டு மனிதரை, பயந்துபோன ஒரு பெடியன் சிப்பாய் சுட்டது. அந்தச் சிப்பாயும் பிறகு அழுதான்.

விரலை விசைக்கு வெளியே நீட்டிவைத்து, குழலை நிலத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, அவள் பின்வாங்கினாள். பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. அதைத் தாண்டி, ஒரு பெரிய மரத்தின் மறுபக்கம் போய் நின்றாள்.

கிழவர் பள்ளத்தோடு நின்றுவிட்டார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த குளத்தைப் பார்த்து, மிகவும் அன்பாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து வெளியே வரச் சொல்லு. குளிரில் நிற்கிறாள்."

அருள்நாயகி திரும்பிப் பார்த்தாள். மூட்டத்தைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரில் வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன.

துவக்கிலிருந்து ரவைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாள். பிறகு வோக்கி டோக்கியில், "வேட்டையை நிறுத்துங்கள், இங்கே ஓர் ஆள் நிற்கிறார்," என்றாள். பியோன் வந்து கையை நீட்டியதும் கிழவர் கோடரியைச் சாதுவாகக் கொடுத்தார்.

பொலிசோடு வந்த கிழவரின் மகள் அழுதாள். தகப்பனுக்கு மறதி நோய். பேர்கன் நகரத்திலிருந்து கூட்டிவந்து ஒரு கிழமைதான் ஆகிறது. இந்தக் காட்டுக்கு அவர் முன்பு வந்ததே இல்லை. குளத்துப் பிள்ளையைப் பற்றி அருள்நாயகி கேட்டபோது மகள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். அந்தக் காட்டோரம் வளர்ந்த பியோன் மட்டும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் யோகலிங்கம் கதையைக் கேட்டுத் திகைத்துப்போனான். "கோடரியோடை வந்திருக்கிறான். நீர் சுட்டிருந்தாலும் ஆர் பிழை சொல்லுறது?"

"பின்னாலை போக எனக்கு இடம் இருந்தது, இஞ்சருங்கோ. அதாலை போனனான்."

"இடம் இல்லாட்டி?"

அவள் தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"தெரியேல்லை," என்றாள்.